ஷிங்கோவின் படகு

ஜனவரி 4, சனி

கம்பெனியில் எல்லோருக்கும் டைரி கொடுத்தார்கள். வழக்கமாக மகள் மதுரா வாங்கிக் கிறுக்கித் தீர்ப்பாள். இந்த வருடம் நானே வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலை முழுக்க மருத்துவமனையில் சும்மா உட்கார வேண்டியிருக்கிறது.

தம்பி குகனுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன் அம்மா கூட்டிப் போகிறாள். சனிக்கிழமை என் முறை. மாங்காட்டிலிருந்து பூந்தமல்லிக்குப் போய் அவனை பைக்கில் ஏற்றிக்கொள்வேன். இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்து வைத்திருக்கிறார்கள். ஊசி இரண்டும் அங்கேதான் இறங்கும். குத்தும்போது நான் டிவியைப் பார்ப்பேன். குகன் ஊசியைப் பார்ப்பான்.

இன்று அவன் பையிலிருந்து ஒரு பழைய பொருளை எடுத்தான். இரண்டு திரை வைத்து மடக்கும் கையடக்க கேம். நான் பயிற்சிக்காக நாகோயா போயிருந்தபோது ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் வாங்கி வந்தது. உள்ளே இருந்த கார்டு ‘புயல்வீரன் ரென்: ஏழாம் தீவு’. ரென் தொடர் தமிழில் மாலை ஐந்து மணிக்கு டிவியில் வந்த காலத்தில் குகன் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவான். தெருவே ஓடி வரும். அவ்வளவு பெயர் போன தொடர். ஆனால் இந்த கேம் வந்தபோது ஜப்பானிலேயே யாரும் வாங்கவில்லை. புது மாடல் கருவி சந்தைக்கு வந்துவிட்ட நேரம். அதோடு, இதில் ரென் கதாநாயகனே இல்லை. தொடரில் இரண்டு மூன்று எபிசோடில் மட்டும் தலைகாட்டிப் போகும் தெட்சு என்ற விளக்குக்காரப் பையனின் கதை. கடைக்காரர் கிட்டத்தட்ட சும்மாவே கொடுத்தார்.

குகனுக்கு ஜப்பானிய எழுத்து தெரியாததால் முதல் ஊரைத் தாண்ட முடியாமல் அப்போதே ஓரமாகப் போட்டுவிட்டான். இப்போது ஏன் என்று கேட்டேன். இடது கையை அசைக்கக் கூடாது, மற்ற கேம் எல்லாவற்றுக்கும் இரண்டு கை வேண்டும், அவசரமும் வேண்டும் என்றான்.

“இது அப்படி இல்லணா. நாம பட்டன அமுக்குற வரைக்கும் எதிரி கூட காத்துட்டு நிப்பான்.”

ஜனவரி 11, சனி

நான் ஒரகடத்தில் ஒரு ஜப்பான் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளன். அந்தப் படிப்பு தம்பிக்கு இப்படி உதவும் என்று நினைத்ததில்லை. அவன் படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, திரையில் வருவதைத் தமிழில் சொன்னேன். தெட்சுவின் தீவு கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் போகிறது. மழைக்காலத்துக்குள் வடக்கு முனையில் இருக்கும் விளக்கை ஏற்ற வேண்டும். கூட வர யாரும் இல்லை. ஆளாளுக்கு ஒரு சாக்கு.

வெவ்வேறு குரலில் சொன்னேன். பக்கத்துப் படுக்கைப் பெரியவரும் தலையைத் திருப்பிக் கேட்டார். குகன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் எனக்கும் அவனுக்கும் எட்டு வருட வித்தியாசம் பெரிய தூரமாக இருந்தது. இன்று அப்படி இல்லை.

திரும்பும் வழியில் அவனுக்கு வாந்தி. ஓரமாக நிறுத்தித் தண்ணீர் கொடுத்தேன். வாயை மட்டும் கொப்பளித்தான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு இருக்கிறது. விழுங்கவில்லை.

ஜனவரி 25, சனி

டாக்டர் அம்மா, குகன், நான் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினார். மாற்று அறுவை சிகிச்சைதான் நல்ல வழி, உறவில் ஒருவர் ஒரு சிறுநீரகம் தந்தால் சீக்கிரம் முடியும் என்றார். அம்மா உடனே நான் தருகிறேன் என்றாள். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாள். டாக்டர் தயங்கினார். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் முதலில் பார்ப்போம் என்றார்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதனால்தானோ என்னவோ, நான் இருக்கிறேனே டாக்டர் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா அந்த அறையிலேயே அழுதாள். வெளியே வந்ததும் குகன் என் பைக் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஏன்டா என்றேன். “இனிமே நீ ஸ்பீடா ஓட்டக் கூடாது” என்று சிரித்தான். அவன் சிரித்துப் பல நாள் ஆயிற்று.

பிப்ரவரி 1, சனி

ரத்தம் கொடுத்தேன். இன்னும் ஏதேதோ ஸ்கேன். ஒரே ரத்த வகை என்பது முன்பே தெரியும்.

ஆரணி மாமா போன் செய்தார். உன்னை மாதிரி ஒரு அண்ணன் கிடைக்க அவன் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். சித்தி போன் செய்தார். கம்பெனியில் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, கேன்டீனில் ஒருவர் எழுந்து வந்து கை கொடுத்தார். மனைவி சுகந்தி மட்டும் இரவுச் சாப்பாட்டின்போது, “பயமா இருக்குங்களா?” என்று கேட்டாள். பயமெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன். அவளும் மேலே கேட்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

கேமில் இன்று புதிதாக ஒருவன் சேர்ந்தான். பெயர் ஷிங்கோ. படகுக்காரன், தெட்சுவைவிட மூத்தவன், தடித்த உருவம். ஊரில் எல்லோரும் மறுத்த பிறகு, “வடக்கு முனைக்கு என் படகில் போகலாம், நான் வருகிறேன்” என்று சொல்கிற ஒரே ஆள். சண்டையில் முன்னால் நின்று அடியெல்லாம் தானே வாங்கிக்கொள்கிறான். குகனுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. நல்ல கேடயம், நல்ல கவசம், மருந்து எல்லாவற்றையும் அவனுக்கே மாட்டிவிட்டான். கொஞ்சம் தெட்சுவுக்கும் வைடா என்றேன். இவன் இருக்கும்போது தெட்சுவுக்கு எதற்கு என்றான்.

பிப்ரவரி 13, வியாழன்

கம்பெனியில் தகராறு. ஒரு பேட்ச் முழுக்க அளவு தவறிய பாகங்கள். ஜப்பானிய மேலாளர் லைனில் இருந்த எட்டுப் பேரை நிற்க வைத்து, இவர்களை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் நடக்காது, மூளையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள் என்றார். நான், “சார் ரொம்ப வருத்தப்படுறாரு, அடுத்த தடவை கவனமா இருக்கணும்னு கேட்டுக்கிறாரு” என்றேன். எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். அவர்கள் தலையாட்டியதைப் பார்த்து மேலாளருக்கும் கோபம் தணிந்தது.

பதினான்கு வருடமாக இதைத்தான் செய்கிறேன். யாருக்கும் நஷ்டமில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

மருத்துவமனையில் மாற்று சிகிச்சை வேலைகளைக் கவனிக்கும் எஸ்தர் சிஸ்டர் போன் செய்தார். முடிவுகள் வந்துவிட்டனவாம். நேரில் வரச் சொன்னார். நல்ல செய்தி சொல்கிறவர்களின் குரலாக இருந்தது.

பிப்ரவரி 21, வெள்ளி

பைக்கைக் கழுவினேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி ஒரு வருடத்துப் பாசியைச் சுரண்டி எடுத்தேன். சுகந்தி கீழேயிருந்து, இன்றைக்கே முடிக்க வேண்டுமா என்று கத்தினாள்.

அப்பாவுக்குக் குடலிறக்கம்தான் இருந்தது. சின்ன ஆபரேஷன், மாலையில் பால் குடிக்கலாம் என்றார்கள். நான் கேன்டீனில் பால் வாங்கிக்கொண்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். குகனுக்கு அப்போது பதினொன்று, அவனை வீட்டில் விட்டிருந்தோம். மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

அரை நாள் விடுப்பு. எஸ்தர் சிஸ்டரைப் பார்த்தேன். தனியாகத்தான் பேசினேன். நல்ல பெண்மணி. எதற்கும் வற்புறுத்தவில்லை. வீட்டில் என்ன நிலவரம், மனைவி என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன். மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை என்று மட்டும் உங்கள் குடும்பத்துக்குத் தெரிவிப்போம், வேறு எதுவும் யாருக்கும் போகாது, இது வழக்கமானதுதான் என்றார்.

வழக்கமானதுதான் என்று அவர் சொன்னது ஆறுதலாக இருந்தது.

மார்ச் 1, சனி

எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அம்மா விளக்கேற்றிவிட்டுச் சாமி படத்தின் முன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாளாம். குகனை எப்படிப் பார்ப்பது என்று இருந்தேன். அவன்தான் என்னைத் தேற்றினான். “விடுணா. பொருந்தலைன்னா நீ என்ன பண்ணுவ? உன் தப்பா?” என்றான். ஊசி ஏறிய கையை அசைக்காமல், மறு கையால் என் முழங்காலைத் தட்டினான்.

கேமில் மழைக்காலம் தொடங்கியது. வடக்குக் கரைக்குப் போனால் ஷிங்கோ தனியாக நிற்கிறான். நிறைய வசனம். குகன் பட்டனை அமுக்காமல் என்னைப் பார்த்தான். படகு உடைந்துவிட்டது, நீ முன்னால் போ, சரி செய்துகொண்டு நான் பின்னாலேயே வருகிறேன் என்று சொல்கிறான் என்றேன்.

“கேடயமெல்லாம் அவன்கிட்டயே இருக்கேணா.”

“வந்துருவான்டா.”

மார்ச் 15, சனி

ஷிங்கோ இல்லாமல் சண்டை கஷ்டமாக இருக்கிறது. குகன் ஒவ்வொரு முறையும் வடக்குக் கரைக்குத் திரும்பிப் போய்ப் படகு தயாராகிவிட்டதா என்று பார்க்கிறான். அங்கே வெறும் கரைதான் இருக்கிறது. கிடைத்த புதுக் கவசத்தை தெட்சுவுக்கு மாட்டாமல் பெட்டியில் வைத்திருக்கிறான். அது ஷிங்கோவின் அளவு என்கிறான். விட்டுவிட்டு மேலே போ என்று பல தடவை சொல்லிவிட்டேன்.

மார்ச் 22, சனி

மதுராவுக்கு அம்மை போட்டிருந்தது. போக முடியவில்லை. அம்மா போனாள்.

மார்ச் 29, சனி

டயாலிசிஸ் நடுவில் குகனுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிட்டது. கண் மேலே செருகியது. டெக்னீஷியன் ஓடி வந்து படுக்கையின் கால்பக்கத்தை உயர்த்தினார். கேம் கீழே விழுந்தது. நான் அதை எடுத்துத் துடைத்துக்கொண்டே நின்றேன். தம்பியின் கையைப் பிடித்திருக்கலாம். அது அப்புறம்தான் தோன்றியது.

இப்படி எத்தனை நாள் போகும் என்று டாக்டரிடம் கேட்டேன். சிலருக்குப் பல வருடம் போகும், இவருக்கு இதயம் தாங்குகிற மாதிரி தெரியவில்லை என்றார். அம்மாவின் சோதனைகளைத் தொடங்கலாம், ஆபத்து கொஞ்சம் கூடுதல்தான், வேறு வழி இருந்தால் அதை முதலில் பார்த்திருப்பேன் என்றார். என்னை நேராகப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. எல்லா டாக்டர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. அம்மா வீட்டில் சாப்பாடு. அம்மா பிரஷரைக் குறைக்க வேண்டும் என்று உப்பைக் குறைத்துவிட்டுக் காலையும் மாலையும் நடக்கிறாள். இளைத்துவிட்டாள். ஆரணி மாமா வந்திருந்தார். மூத்தவன் தணிகாசலத்துக்குக் கொடுக்க மனம் இருந்தது, ஆண்டவன் அதற்கு வழி விடவில்லை, மனம்தான் பெரிது என்று எல்லோர் முன்னாலும் என் தோளில் கை போட்டுச் சொன்னார். நான் வேப்பம்பூப் பச்சடியை எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 26, சனி

குகன் இன்று கேமைக் கொண்டு வரவில்லை. கேட்டதற்கு, முடித்துவிட்டேன் என்றான். படிக்கத் தெரியாமல் எப்படி முடித்தாய் என்றேன்.

யாரோ ஒருவன் இந்த கேமின் வசனம் முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதி இணையத்தில் போட்டிருக்கிறானாம். பிரேசில்காரன். உலகத்தில் இதை விளையாடிய நாலைந்து பேரில் ஒருவன். ஷிங்கோ எப்போது திரும்பி வருவான் என்று தேடும்போது கிடைத்ததாம்.

“அவன் படகு உடையலைணா.”

நான் ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்தினேன்.

“கரை வரைக்கும் வந்தேன், அலையப் பாத்தேன், என்னால முடியாதுன்னு சொல்றான். மன்னிச்சுடுன்னு கேக்க மாட்டேன், கேட்டா நீ மன்னிச்சிடுவன்னு சொல்றான். அவ்ளோ நல்லா எழுதியிருக்காங்க. அத ஏன் மாத்துன?”

உனக்கு அவனைப் பிடித்திருந்தது, உடம்பு இருக்கிற நிலைமையில் எதற்கு என்று பார்த்தேன் என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் மெஷினில் சுற்றும் ரத்தத்தைப் பார்த்தான். “போறேன்னு சொல்லிட்டுப் போயிருந்தா நான் அப்பவே தெட்சுவுக்குக் கவசத்த மாட்டிட்டுக் கெளம்பியிருப்பேன். ரெண்டு மாசம் அந்தக் கரையிலயே நின்னுட்டு இருந்தேன்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டான். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

கேவலம் ஒரு கேம். அதுவும் யாரும் சீண்டாத கேம்.

மே 6, செவ்வாய்

இன்று அம்மாவுக்குக் கடைசிச் சோதனைகள். துணைக்குச் சுகந்தி போயிருந்தாள். குகனுக்கும் டயாலிசிஸ் நாள். நான் கம்பெனியில் இருந்தேன்.

மாலை வீட்டுக்கு வந்தபோது சுகந்தி சமையல் செய்யவில்லை. மதுராவை எதிர் வீட்டில் விட்டிருந்தாள். நடந்ததைச் சொன்னாள். புதிதாக வந்திருக்கும் ஜூனியர் டாக்டர் ஒருவர், அம்மாவின் வயதைப் பார்த்துவிட்டு, மூத்த மகனுக்கு எல்லாம் பொருந்தியும் மருமகள் சம்மதிக்கவில்லை என்று சொன்னார்களே, அது நீங்கள்தானா, இப்போதாவது யோசிக்கக் கூடாதா என்று இவளைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். அம்மா பக்கத்தில். குகன் சக்கர நாற்காலியில்.

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“ஆமா டாக்டர்னு சொன்னேன்.”

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“வேற என்ன சொல்றது? என்கிட்ட யாரும் கேக்கவே இல்லன்னா? உங்க தம்பி அங்க உக்காந்திருக்காரு. அத்தை கையில ஊசி குத்தி வச்சிருக்கு.” என் டிபன் டப்பாவைத் தொட்டியில் போட்டாள். “பயமா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன். அந்தப் பழிய நானே கேட்டு வாங்கியிருப்பேன். நீங்க கேக்காமலே எம்மேல வச்சிட்டீங்க.”

எஸ்தர் சிஸ்டர் யாருக்கும் போகாது என்று சொல்லியிருந்தார். மருத்துவமனைகளில் ஒரு ஒழுங்கு கிடையாது.

மே 7, புதன்

அம்மாவிடம் பேச வேண்டும். இந்த வாரம் ஆடிட், முடியாது.

மே 10, சனி

காலையில் பூந்தமல்லி போனால் வீடு பூட்டியிருந்தது. குகன் ஆட்டோவில் போய்விட்டானாம். மருத்துவமனைக்குப் போனேன். அம்மா வெளியே பெஞ்சில் இருந்தாள். என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். நீ ஏன்டா என்னிடம் சொல்லவில்லை, மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாய் என்றாள். கட்டியவள் பேச்சைத் தாண்ட முடியாமல் நீ தவித்ததை நினைத்தால் எனக்கு என் வலி பெரிதாகத் தெரியவில்லை என்றாள்.

நான் அம்மாவின் கையை விடவில்லை. வேறென்ன செய்வது? அந்த நேரத்தில் அம்மாவுக்குப் பிரஷர் ஏறக் கூடாது. ஆபரேஷன் முடியட்டும்.

ஜூன் 12, வியாழன்

முடிந்தது. காலையில் அம்மாவை முதலில் உள்ளே கொண்டுபோனார்கள். அவள் தாலிச் சரடைக் கழற்றிப் பல வருடமாயிற்று. காதில் இருந்ததை மட்டும் கழற்றி என்னிடம் கொடுத்தாள். சுகந்தி ஓரமாக நின்றாள். அம்மா அவள் பக்கம் திரும்பவில்லை.

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு உள்ளே போனவர்கள் மதியத்துக்கு மேல் வெளியே வந்தார்கள். அம்மாவின் சிறுநீரகத்தைக் குகனுக்குள் வைத்து ரத்தம் பாய்ந்த உடனே சிறுநீர் பிரிந்ததாம். டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அழுதுவிட்டேன். மாமா என்னைக் கட்டிக்கொண்டார். அதே கையோடு சுகந்திக்குக் கேட்கும்படி, பெற்றவள் கொடுத்தாள், வந்தவள் தடுத்தாள் என்றார்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் மாமாவின் தோளில் இருந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். சித்தி வந்து தங்கியிருக்கிறார். சுகந்தி கஞ்சி வைத்து எடுத்துப் போனாள். அம்மா தூங்குவதாகச் சித்தி வாசலிலேயே சொல்லிவிட்டார். பாத்திரத்தோடு திரும்பி வந்தாள். மதுரா அந்தக் கஞ்சியைக் குடித்தாள்.

ஜூன் 21, சனி

குகனைக் கண்ணாடி அறையில் வைத்திருக்கிறார்கள். தொற்று வரக் கூடாது என்பதால் முகமூடி போட்டுக்கொண்டு தூரத்தில் நின்று பேச வேண்டும். முகத்தில் ரத்த ஓட்டம் தெரிகிறது. ஒரு பாட்டில் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக் குடித்துக் குடித்து ரசிக்கிறான். நன்றாக இருக்கிறாயா என்றேன். தலையாட்டினான்.

“அண்ணி நெஜமாவே வேணாம்னு சொன்னாங்களா?”

அதெல்லாம் இப்போது எதற்கு, உடம்பைப் பார் என்றேன்.

“சரி. நீ பதில் சொல்லல.” பாட்டிலை மூடினான். “எனக்குக் கோவம் நீ குடுக்கலைன்னு இல்ல. அப்பாவ நெனச்சிருப்ப. எனக்குத் தெரியும்ணா, நானா இருந்தாலும் பயந்திருப்பேன். அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். அத நீ சொல்லணும். அண்ணிக்காகச் சொல்லணும்.”

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றார். நான் உடனே கிளம்பினேன்.

ஜூன் 29, ஞாயிறு

சுகந்தி மதுராவைக் கூட்டிக்கொண்டு அரக்கோணம் போகிறாள், அவள் அம்மா வீட்டுக்கு. மதுராவுக்கு அங்கேயே பள்ளிக்கூடம் பார்க்கிறாளாம். அவள் சண்டை போடவில்லை. கேஸ் புக் செய்திருப்பதாகவும், புளிக்காய்ச்சல் ஒரு வாரத்துக்கு வரும் என்றும் சொன்னாள்.

நான் அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறு என்றேன்.

“ஒன்றரை மாசம் பொறுத்தேங்க. கல்யாண வீட்ல, கடையில, எல்லாரும் என்ன ஒரு மாதிரி பாத்தாங்க. அதக்கூட தாங்கிட்டேன். நீங்களும் அப்படியே பாக்க ஆரம்பிச்சிட்டீங்க.”

அது உண்மை இல்லை. நான் அப்படிப் பார்க்கவில்லை. ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

புளிக்காய்ச்சல் தீர்ந்தது.

ஜூலை 13, ஞாயிறு

இன்று சொல்லிவிடுவது என்று பூந்தமல்லி போனேன். வழி முழுக்க வாக்கியங்களை அமைத்துப் பார்த்தேன். ‘அம்மா, சுகந்தி மேல் தப்பு இல்லை’ என்று தொடங்குவதா, ‘நான்தான்’ என்று தொடங்குவதா. ‘நான்தான்’ என்று தொடங்கினால் மீதியைச் சுலபமாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

குகன் வீட்டுக்கு வந்துவிட்டான். உள்ளறையில் தனியாக இருக்கிறான். கதவு திறந்திருந்தது. நான் வந்ததைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன். படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

அம்மா ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். குனிய முடியவில்லை. சித்தி சமைத்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தார். நீ உட்கார், நான் போடுகிறேன் என்று அம்மாவே சாதம் போட்டாள். நான் போட்டுக்கொள்கிறேன் என்றதற்கு, வீட்டில் உனக்கு இனி யார் போடப் போகிறார்கள் என்றாள். எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்தாள்.

“அம்மா” என்றேன்.

“சொல்லுடா.”

நான் சாதத்தைப் பிசைந்தேன். அம்மா என் தலைமுடியை ஒதுக்கினாள். நரைத்துவிட்டது என்றாள். பிறகு அவளே கேட்டாள்.

“அவ முடியாதுன்னு சொன்னப்போ நீ என்னடா சொன்ன?”

உள்ளறையில் கட்டில் அசையும் சத்தம் கூடக் கேட்கவில்லை.

“ரொம்ப சொல்லிப் பாத்தேம்மா” என்றேன்.

அம்மா தலையாட்டினாள். எனக்குத் தெரியாதா உன்னை என்றாள். உள்ளறைக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. காற்றாக இருக்கும் என்று அம்மா சொன்னாள். விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இன்னொரு கரண்டி சாதம் போட்டாள். நான் போதும் என்று சொல்லவில்லை.